ஒரு மேசை வாங்கப் போன வரலாறு

"உக்காந்து படிக்க வீட்ல உனக்குன்னு ஒரு மேசை இருக்காம்மா?"

நான் பாதியில் விட்டுவந்த பள்ளிக்கூடத்தின் டீச்சர் போன மாதம் எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்ட கேள்வி இது. மேசை இருந்தால் தனித்தேர்வு எழுத விண்ணப்பம் கொண்டுவருவாராம். நான் வழக்கம்போல் கால் கட்டைவிரலிடம் பதில் தேடினேன்.

"ஞாயித்துக்கிழமையே வாங்கிடறோம் டீச்சர்," என்றார் அப்பா.

மானிட குலத்தின் அறிவு வளர்ச்சிக்கு மாபெரும் மரச்சாமான் கடைகள் ஆற்றிவரும் தொண்டு மகத்தானது. நாங்கள் போன கடையில் தரையெல்லாம் அம்புக்குறி. அது காட்டும் பக்கம்தான் நடக்கலாம். திரும்பி நடப்பது ஒழுங்கீனம். மேசைகள் நுழைவாயிலிலேயே இருந்தன. ஒன்றில் பூட்டு வைத்த இழுப்பறைகூட இருந்தது. அதன்மேல் கை வைத்தேன்.

"மொத்தத்தையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்," என்று அப்பா தீர்மானம் நிறைவேற்றினார். எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. எதிர்க்க வேண்டியவள் மேசைமேலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்து, கடைச் சாமான்களாலேயே வீடுபோல் ஜோடித்து வைத்த 'மாதிரி இல்லம்'. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் சோபா நுனியில் அமர்ந்து, பின்னால் வந்த தம்பதியிடம், "வாங்க, உக்காருங்க," என்றாள்.

"வீட்டை நல்லா வச்சிருக்கீங்க," என்றார்கள் அவர்கள்.

இருபது வருடக் குடித்தனத்தில் யாரும் சொல்லாத வார்த்தை! அம்மா பூரித்துப்போய் மறுபக்க வழியாக வெளியே வந்தாள். மேல்மாடியில்தான் தன் வெறுங்காலைப் பார்த்தாள்.

"ஐயோ, செருப்பு! ஒரே ஓட்டமா ஓடி எடுத்துட்டு வந்துடறேன்."

"அம்பு இந்தப் பக்கம் மேடம்," என்றார் விற்பனையாளர். "ஒரு ரவுண்டு சுத்தி வந்துடுங்க."

சுற்றினோம். மேசையருகே நான் நின்றேன். "இரு, முதல்ல அம்மா செருப்பு," என்றார் அப்பா. அந்தச் சுற்றில் சோபா வாங்கினோம். செருப்பு கிடைக்கவில்லை.

"அதைச் செருப்பு ஸ்டாண்டுல அழகுக்கு வச்சுட்டாங்க மேடம்."

மறுசுற்றில் ஸ்டாண்டைச் செருப்போடு வாங்கினோம். பக்கத்திலேயே ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே பொன்னிற முதுகு காட்டி முப்பத்தாறு தொகுதிகள்.

"புத்தகம் இலவசம் சார். தூசி தட்டினா போதும், படிக்கிற தொல்லையே இல்ல."

அப்பா கண் கலங்கினார். "இதை நம்ம ஜன்னல் மூலையில வைக்கலாம்."

"மேசைப்பா?" என்றேன். அன்று நான் பேசிய ஒரே சொல்.

"அலமாரியை அங்க வச்சுட்டா மேசைக்கு ஏதுடி இடம்?"

நேற்று டீச்சர் விண்ணப்பத்தோடு வந்தார். நான் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"பாத்தீங்களா டீச்சர்? படிப்புன்னா எங்க வீட்ல உசுரு!" என்று கண்ணாடி அலமாரியைக் காட்டினார் அப்பா.

டீச்சர் ஏழாம் தொகுதியை எடுத்தார். கனமே இல்லை. அட்டையைத் திறந்தார். வெறும் பெட்டி. அப்பாவைப் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடி, அப்பாவின் கையில் கொடுத்தார்.

முப்பத்தாறு தொகுதி கொண்ட எங்கள் நூலகத்தில் எழுத்து இருந்த ஒரே காகிதத்தை அப்பா ஏந்தி நின்றார். டீச்சர் ஸ்டாண்டிலிருந்து தன் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.