மேடைக்கு வந்த மீனாட்சிகள்

மைக் கிடைத்தால் போதும், எதைப் பற்றியும் அரை மணி நேரம் பேசிவிடுவேன். இதை ஒரு திறமை என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். (என் மனைவி வியாதி என்பாள்.)

நான் காரைக்குடியில் சரித்திர வாத்தியார். காதுகுத்து முதல் பள்ளி ஆண்டுவிழா வரை பேசக் கூப்பிடுவார்கள். அதனால் என் அக்கா மீனாட்சி இறந்து, செக்காலையில் ஒரு சின்ன மண்டபத்தில் படத்திறப்பு வைத்தபோது, யார் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை. நெற்குப்பையிலிருந்து அத்தான் போன் செய்தார்.

"மாப்ள, நீதான் பேசணும். நீ பேசுனா அவளுக்கு அம்புட்டுப் பிடிக்கும்."

எழுத உட்கார்ந்தேன். 'அக்கா' என்று எழுதினால் பேனா அங்கேயே நின்றது. அடித்துவிட்டு 'மீனாட்சி' என்று எழுதிப் பார்த்தேன். ஓடியது. அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

மேடை ஏறும்போது அக்கா மகள் செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அம்மாவப் பத்தி நல்லாப் பேசுவீகல்ல?"

"அசத்திடுறேன் பாரு" என்றேன்.

அசத்தினேன். மதுரையை ஆளும் மீனாட்சியில் தொடங்கினேன். அங்கே கல்யாணக் கோலத்தில், தலை குனிந்து நிற்கும் கல் மீனாட்சியின் வெட்கத்தை வர்ணித்தேன். அப்படியே திருச்சிக்குப் போய், கடைசி நாயக்க ராணி மீனாட்சியின் துயரத்தைச் சொல்லிக் குரலைத் தழுதழுக்க வைத்தேன். (அந்த ராணிக்காக அன்றைக்கு நான் உருகியது போல் அவருடைய மந்திரிகள்கூட உருகியிருக்க மாட்டார்கள்.) பிறகு தஞ்சாவூர் ஓவியங்களில் தங்கத் தகட்டில் மின்னும் மீனாட்சி, காலண்டரில் கிளியோடு நிற்கும் மீனாட்சி. அதுவும் தீர்ந்ததும் ஊர்களுக்கு வந்தேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மீனாட்சிபுரம், போடிப் பக்கம் ஒரு மீனாட்சிபுரம், ஏன், நம் காரைக்குடியிலேயே ஒரு மீனாட்சிபுரம் என்று டவுன் பஸ் மாதிரி நின்று நின்று போய்க்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில் இருந்த அத்தான் வகுப்பில் பையன் கேட்பது போல் கையைத் தூக்கினார்.

"மாப்ள…"

நிறுத்தினேன்.

"நம்ம மீனா எப்ப வருவா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ சிரிக்கப் போய், அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். செல்வி முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"அக்காவுக்கு ஜோக் சொல்ல வராது" என்றேன். அதுதான் வாயில் வந்தது. "பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துரும். பக்கத்துல இருக்கிறவன் முதுகுல நாலு போடுவா. கதை அத்தோட போச்சு. பஸ்ல ஆட்டுக்குட்டியோட போன கதை உங்க எல்லாருக்கும் தெரியும். 'குட்டிய மடியில வச்சிருந்தேனா, கண்டக்டர் வந்து அதுக்கும் டிக்கெட்டுன்னாரு. அந்தக் குட்டி இருக்கே, அது அவரப் பார்த்து…'"

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அக்கா எப்போதும் வெடித்துச் சிரிக்கும் இடத்தில் நான் வெடித்து அழுதேன். சாதாரண அழுகை இல்லை. மைக் முன்னால், குழாய் ஸ்பீக்கரில். வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மண்டபத்தில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள்.

அத்தான் மேடையேறி வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"போதும் மாப்ள. அவளும் இந்த எடத்துலதான் நிறுத்துவா."

இப்போதெல்லாம் எந்த விசேஷத்திலும் என்னால் நீட்டிப் பேச முடிவதில்லை. மூன்றாவது வாக்கியத்துக்குள் ஏதாவது ஒரு மூலையிலிருந்து, "நம்ம மீனா எப்ப வருவா?" என்று குரல் வந்துவிடுகிறது. செல்வி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கே அது பழகிவிட்டது.

போன வாரம் அத்தானிடம் கேட்டேன், அந்த ஆட்டுக்குட்டி கண்டக்டரைப் பார்த்து என்னதான் செய்தது என்று.

'அந்தக் குட்டி இருக்கே…' என்று தொடங்கிப் பார்த்தார்.

"தெரியலயே மாப்ள. நான் அவ சிரிக்கிறதத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."