புருஷன் குரலில் ஒரு திருடன்

இனிமேல் இந்த வீட்டில் ஏடிஎம் பக்கம் போகிற ஆள் ஒருத்தர்தான் என்று பூட்டுக்கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தார். அந்த ஒருத்தர் யார் என்று மனைவி கேட்கவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து தன் கார்டை எடுத்து நீட்டிவிட்டாள். இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டாளே என்று அவருக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவருக்குத் தன் வீட்டுக் கதவு திறந்து கிடப்பது மட்டும் கண்ணில் படாது.

அவர் சொன்ன காரணத்தில் தப்பில்லை. கடைக்கு வந்த ஒருவர் கார்டு போட்ட மறுநாளே அவருடைய கணக்கைத் துடைத்து வைத்துவிட்டார்களாம். திருடன் மெஷினின் வாயில் இன்னொரு பொய் வாயை ஒட்டிவிட்டுப் போகிறான். போடுகிற கார்டையெல்லாம் அது நகல் எடுத்துக்கொள்கிறது. மேலே கடுகளவு கேமரா ஒன்று உட்கார்ந்துகொண்டு, விரல் எந்தப் பட்டனை அழுத்துகிறது என்று பார்த்துக்கொள்கிறது. அதனால் முதலில் மெஷினின் வாயை இழுத்துப் பார்க்க வேண்டும், பட்டனைக் கையால் மறைக்க வேண்டும், பக்கத்தில் நிற்கிறவன் உதவிக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், பணத்தோடு வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் மேலாக, போனில் வருகிற ஓடிபியை எவன் கேட்டாலும் சொல்லக் கூடாது.

"புருஷன் கேட்டா?"

"நானே கேட்டாலும் சொல்லாதே. இப்பல்லாம் திருடன் புருஷன் குரல்லயே பேசறான்."

"சரிங்க," என்றாள். "மறக்கமாட்டேன்."

சொல்லாமல் விட்ட காரணம் ஒன்றும் இருந்தது. பழைய இரும்புக்கடையில் அவர் ஒரு இரும்புப் பணப்பெட்டியைப் பார்த்துவிட்டார். ஆள் உயரப் பெட்டி. சாவித்துவாரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கால்மணி நேரம் ஆயிற்று. அதைத் தன் கடை முகப்பில் நிறுத்திவிட்டால் தெருவே வாயைப் பிளக்கும் என்று நினைத்தார், தூக்கம் போயிற்று. ஆனால் இருவர் பேரிலும் உள்ள கணக்கில் இருந்த பணம் சமையலறைக் கூரைக்காகச் சேர்த்தது. அதில் மனைவியின் சம்பளமும் இருந்தது. அவள் பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். மழை பெய்தால் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் குடை என்று சமைப்பவள் அவள்தான். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, முன்பணம் கொடுத்தால் மறுநாளே வேலையைத் தொடங்குவதாகச் சொல்லியிருந்தார். அவள் கையில் கார்டு இருக்கிற வரைக்கும் பெட்டி தன் கைக்கு வராது என்று பூட்டுக்கடைக்காரருக்குத் தெரியும்.

மறுநாள் வங்கிக்குப் போய், இருக்கிற பாதுகாப்பு எல்லாவற்றையும் போடச் சொன்னார். பத்து ரூபாய் எடுத்தாலும் போனில் எண் வந்தால்தான் பணம் வர வேண்டும் என்றார். எந்த போனுக்கு என்று அங்கிருந்த அம்மா கேட்டார். தன் நம்பரை எவனுக்கும் கொடுப்பதில்லை என்பது இவர் கொள்கை. வங்கிக்குமா என்று அந்த அம்மா மறுபடியும் கேட்டார். வங்கிக்கும்தான் என்று சொல்லிவிட்டு, பார்சல்காரனுக்கும் கரண்ட் பில்லுக்கும் கொடுக்கிற மாதிரி மனைவியின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார். வந்த கையோடு அதை மறந்தும் போனார்.

அந்த வாரக் கடைசியில் இரும்புக்கடைக்காரர் கெடு வைத்தார். வேறொருவர் பெட்டியைக் கேட்கிறார், இன்று சாயந்திரத்துக்குள் முன்பணம் வராவிட்டால் பெட்டி போய்விடும். இதைப் பேசி முடிக்கப் பூட்டுக்கடைக்காரர் காலையில் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார், வெளியே கேட்கக் கூடாது என்று. தண்ணீர்ச் சத்தத்தில் எதிர்முனைக்குக் கேட்கவில்லை. அதனால் கத்திப் பேசினார். நுணலும் தன் வாயால் கெடும்.

சாயந்திரம், கடைக்குச் சரக்கு வருகிறது, நேரமாகும் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஏடிஎம் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் முறை வந்தது. பூட்டுக்காரர் கை எந்தப் பூட்டையும் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் விடாது. மெஷினின் வாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். மெஷின் அதிர்ந்தது. ஸ்டூலில் இருந்த வாட்ச்மேன் எழுந்துவிட்டார்.

"சார், அது சுவரோட போட்டது."

"அதைத்தான் பாக்கறேன்."

அப்புறம் நுனிக்காலில் எம்பி மேலே கேமரா தேடினார். பட்டனைத் தடவினார், முகர்ந்தும் பார்த்தார். பின்னால் தொப்பி போட்ட ஒருவர் கழுத்தை நீட்டி இதையெல்லாம் கவனிப்பது கண்ணாடியில் தெரிந்தது. இவன்தான் திருடன் என்று பூட்டுக்கடைக்காரர் முடிவு கட்டினார். உடம்பு முழுவதையும் மெஷின் மேல் சாய்த்து மறைத்துக்கொண்டு பின் நம்பரை அழுத்தினார்.

கைபேசிக்கு வந்த எண்ணைப் போடவும் என்றது திரை.

அவர் பையில் இருந்த போன் பேசாமல் கிடந்தது. எண் எந்த போனுக்குப் போயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, கத்தவும் முடியாமல் நின்றார். கெடு முடியப் போகிறது. வேறு வழியில்லை. வீட்டுக்கு போன் போட்டார்.

"ஒரு நம்பர் வந்திருக்கா பாரு."

"யாருங்க பேசறது?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"உன் புருஷன்."

"அவர் கடையில இருக்காரே. சரக்கு வருதுன்னு சொல்லிட்டுத்தான் போனார். நீங்க யாரு?"

"விளையாடாதே. அந்த ஓடிபியைச் சொல்லு, சீக்கிரம்."

வரிசையில் பேச்சு நின்றுபோனது. நேரம் முடிந்து மெஷின் கார்டைத் துப்பிவிட்டது. தொப்பிக்காரர் உதவி வேண்டுமா என்று ஒரு எட்டு முன்னால் வந்தார். பூட்டுக்கடைக்காரர் கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேண்டாம் என்றார். அதுவே வினையாயிற்று. மெஷினைப் பிடுங்கப் பார்த்தான், கேமராவைத் தேடினான், இப்போது எந்தப் பெண்ணிடமோ ஓடிபி கேட்கிறான் என்று தொப்பிக்காரர் வாட்ச்மேனிடம் சொன்னார். வாட்ச்மேன் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டார். போலீசுக்குச் சொல்லலாம் என்று வெளியே ஒரு குரல் கேட்டது.

"போனை ஸ்பீக்கர்ல போடுங்க சார்," என்றார் வாட்ச்மேன். குரலில் சார் மட்டும்தான் மரியாதையாக இருந்தது. "அம்மா, இவர் உங்க வீட்டுக்காரரா?"

"குரல் அவர் மாதிரிதாங்க இருக்கு. ஆனா திருடன் புருஷன் குரல்லயே பேசுவான்னு அவரே சொல்லியிருக்கார். ஒரு கேள்வி கேக்கறேன். அவரா இருந்தா பதில் தெரியும்."

கல்யாண தேதியாக இருக்குமோ என்று பூட்டுக்கடைக்காரர் நடுங்கினார். அது அவருக்கு எப்போதும் ஒரு நாள் முன்னே பின்னேதான்.

"இன்னிக்குக் காலையில குழாயைத் திறந்துவிட்டுட்டு யார்கிட்ட பேசினீங்க?"

தெரியாது என்றால் ஊருக்குத் திருடன். தெரியும் என்றால் வீட்டுக்குத் திருடன். வாட்ச்மேன் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார்.

"இரும்புக்கடைக்காரர்கிட்ட."

"எதுக்கு?"

"ஒரு பெட்டி."

"எந்தப் பணத்துல?"

அவர் தொப்பிக்காரரைப் பார்த்தார். வாட்ச்மேனைப் பார்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கூரைப் பணத்துல," என்றார், காற்று போன குரலில்.

"எங்க வீட்டுக்காரர்தாங்க," என்றாள் மனைவி. "விட்டுடுங்க."

வாட்ச்மேன் விசிலை உள்ளே வைத்தார். கூரை ஒழுகுகிறதா சார் என்று தொப்பிக்காரர் விசாரித்தார். இப்போது அவர் குரலில் சந்தேகம் இல்லை, இரக்கம் இருந்தது. அதைத்தான் பூட்டுக்கடைக்காரரால் தாங்க முடியவில்லை.

மறுபடி கார்டைப் போட்டார். ஓடிபியை நாலு பேர் கேட்கச் சொல்லக் கூடாது, ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வையுங்கள் என்று மனைவி சொன்னாள். எண்ணையும் சொன்னாள். பணம் வந்தது. எடுத்து உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனை அணைக்கப் போனார்.

"வைக்காதீங்க. கையில பணம் இருக்கு. பேசிக்கிட்டே நேரா வீட்டுக்கு வாங்க. வழியில எங்கயும் நிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

மடியில் கனம், வழியில் பயம். போன் காதிலேயே இருந்தது. அவள் அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டு, இப்போது எந்தத் திருப்பம், எந்தக் கடை என்று கேட்டபடியே இருந்தாள். தெருத்திருப்பத்தில் இரும்புக்கடை வந்தது. உள்ளே பெட்டி விளக்கு வெளிச்சத்தில் கருகருவென்று மின்னியது. கடைக்காரர் வாசலுக்கே இறங்கி வந்து, பெட்டியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லிக் கையைப் பிடித்தார்.

"யாருங்க அது?" என்றது போன்.

"யாரோ ஒருத்தர். உதவிக்கு வர்றார்."

"வேண்டாம்னு சொல்லுங்க."

பூட்டுக்கடைக்காரர் பெட்டியை ஒருமுறை கண்ணாரப் பார்த்தார். "வேண்டாங்க," என்றார், கையை விடுவித்துக்கொண்டார், நடந்தார். துக்கமாக இருந்தது. அதே சமயம் கரண்டியும் குடையும் நினைவுக்கு வந்தன, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. சரி, பணம் பத்திரமாக வீட்டுக்குப் போகிறது, அவள் கோபம் தணிந்ததும் அடுத்த மாதம் பேசிப் பார்க்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டே வீட்டுக்குள் காலை வைத்தார்.

கூடத்தில் கொத்தனார் டீ குடித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க சார். அம்மா காலையிலயே சொல்லி அனுப்பிட்டாங்க, சாயந்திரம் நீங்க ஏடிஎம்ல முன்பணம் எடுத்துக்கிட்டு நேரா வந்துடுவீங்கன்னு."