வேங்கிக்கால் வழியாக ஜெனிவாவுக்கு ஒரு மனு

திருவண்ணாமலையில் மழை பெய்தால் அதற்கு ஒன்று, பெய்யாவிட்டால் அதற்கு ஒன்று என்று ஆட்சேபணை எழுதித் தரக்கூடிய ஒரே ஒரு மனிதர் இருந்தார். கிரகணம் வருவதற்கு முன்பே அதை எதிர்த்து மனுக் கொடுத்தவர் என்று அவரைப் பற்றி ஊரில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். கிரகணம் முடிந்த பிறகுதான் கொடுத்தார். பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்தைவிட மூன்று நிமிடம் தாமதமாக விட்டது என்பது அவர் புகார்.

ஊரில் அவருக்குப் பெயரே ஆட்சேபணைதான். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன். அது ஒரு தடவை போலீஸ் ரிக்கார்டில் ஏறியதே போதும்.

செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் அறை எடுத்துத் தங்கும் பகுதியில் கடை வைத்திருந்தார். ஜெராக்ஸ், டைப்பிங், பிரவுசிங் மூன்றும் ஒரே அறையில் நடக்கும். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர். திங்கட்கிழமை மட்டும் காலையில் கடை திறக்காது. அன்று வேங்கிக்காலில் எங்கள் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். வருகிற மனுவுக்கு நம்பர் போட்டு, அது எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று ஓரத்தில் எழுதி அனுப்புவது என் வேலை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எந்த மனுவும் அங்கேயே தங்கக் கூடாது. ஏதாவது ஒரு துறையின் தலையில் கட்டியே ஆக வேண்டும். ஒரு முறை குரங்குகள் அவர் கடை வயரைப் பிய்ப்பதாக மனுக் கொடுத்தார். வனத்துறைக்கு அனுப்பினேன். இவை காட்டுக் குரங்குகள் அல்ல, கோயில் குரங்குகள் என்று திருப்பிவிட்டார்கள். கோயிலுக்கு அனுப்பினேன். எங்கள் சொத்துப் பதிவேட்டில் குரங்கு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. நகராட்சிச் சங்கு இரண்டு நிமிடம் தாமதமாக ஊதுகிறது என்ற மனுவுக்கு, மனுதாரரின் கைக்கடிகாரம் வேகமாக ஓடுவது விசாரணையில் தெரியவந்தது என்று பதில். எல்லாப் பதிலையும் அவர் கிளிப் போட்டு வைத்துக்கொள்வார்.

"பதில் வருது பாத்தீங்களா சார்? அதாங்க ஜனநாயகம்" என்பார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் கடைக்கு வந்த ஜெர்மன்காரர் ஒருவர், ஈமெயிலைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். என்ன என்று கேட்டதற்கு விளக்கினாராம். ஜெனிவாவில் உலக நாடுகள் கூடிப் பதிப்புரிமைக்கு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, கம்ப்யூட்டரில் வரும் புத்தகத்துக்குக் கம்பெனி போட்ட பூட்டை யாராவது திறந்தால் குற்றம் என்று ஒவ்வொரு நாடும் சட்டம் கொண்டுவரப் போகிறது, இன்டர்நெட்டில் ஒருவர் இன்னொருவருக்குப் படிக்கக் கொடுப்பதே திருட்டு என்று ஆகிவிடும் என்று. ஜெர்மன்காரர் சொல்லிவிட்டு இட்லி சாப்பிடப் போய்விட்டார். நம்மவர் அன்று சாப்பிடவில்லை.

ஆட்களைத் திரட்ட வேண்டும் என்று முடிவு செய்து, பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார். நோட்டும் பேனாவும் பார்த்த ஜனங்கள் அது அர்ச்சனைக்கு என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை என் மேசைக்கு வந்த மனுவில் எழுநூறு பேர் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரத்துடன் இருந்தது. ஒரு அம்மாள் மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆக வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பொருள் என்ற இடத்தில் இப்படிப் போட்டிருந்தது: "ஜெனிவாவில் செய்யப்பட்ட பதிப்புரிமை ஒப்பந்தங்களை ரத்து செய்து, இன்டர்நெட்டைப் பூட்டாமல் விட ஆவன செய்யக் கோருதல்."

"அண்ணா, நம்ம ஆபீசுக்கு அதிகாரம் செங்கத்தோட முடியுது. ஜெனிவாவுக்கு எப்படிப் போறது?" என்றேன்.

"கீழ இருந்து மேல போவட்டும் சார். முறையா போனாதான், நாளைக்கு எவனும் எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மூணாம் பக்கம் படிங்க சார்" என்றார்.

மூன்றாம் பக்கத்தில் வளர்மதி இருந்தாள். அடி அண்ணாமலையில் விவசாயம் செய்யும் வீட்டுப் பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தேர்வு எப்போதாவது ஒரு முறைதான் வரும். அதைவிட்டால் கல்யாணம்தான் என்று வீட்டில் நாள் குறித்துக் காத்திருந்தார்கள். புத்தகங்களை இவர் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பார். கம்ப்யூட்டர் சத்தமாகப் படிக்கும். அவள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பாள். ஒரு முக்கியமான புத்தகத்தைக் கம்பெனியிடமே சி.டி.யாக வாங்கிப் பார்த்திருக்கிறார். அதில் பூட்டு. கண்ணால் படிக்கலாம், கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்க முடியாது.

"நாயமா வாங்குன புக்கு சார். கண்ணு இருக்கிறவனுக்குத் தொறக்குது, இல்லாத பொண்ணுக்குத் தொறக்க மாட்டேங்குது. இதுக்கு உலக நாடுங்கள்லாம் சேர்ந்து காவல் நிக்குதாம்."

இதையெல்லாம் ஒளிவு மறைவில்லாமல் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தார். இன்னின்ன புத்தகம், இத்தனை பக்கம், முழுக்க ஸ்கேன் செய்திருக்கிறேன், இது தவறா என்று தாங்களே சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார்.

நான் ஓரத்தில் துறையின் பெயர் எழுத வேண்டும். கல்வித்துறையா? தபால் துறையா? எங்கள் அலுவலக சூப்பிரண்டு, நிலுவை எத்தனை என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்த வாரம்தான் திருட்டு வி.சி.டி.யைப் பிடிக்கும் போலீஸ் பிரிவிலிருந்து, காப்பிரைட் சம்பந்தப்பட்டவற்றை எங்களுக்கு அனுப்பவும் என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ஆகா என்று அந்தப் பிரிவின் பெயரை எழுதினேன். 'உரிய நடவடிக்கைக்காக' என்று கீழே ஒரு கோடும் போட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

ஒன்பதே நாளில் பதில் வந்தது. அந்த வாக்கியங்கள் எனக்கு மனப்பாடம். "மனுவின் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது. மனுதாரர் புத்தகங்களை முழுமையாக நகல் எடுத்து வருவதை மூன்றாம் பக்கத்தில் ஒப்புக்கொண்டுள்ளதால், மனுதாரர் கைது செய்யப்பட்டு, கணினி முதலியவை கைப்பற்றப்பட்டன. எனவே மனு முடிவு செய்யப்பட்டது."

சூப்பிரண்டுக்கு ஏக சந்தோஷம். "பாருய்யா, ஒம்போது நாள்ல டிஸ்போசல்! இப்பிடி வேலை செய்யணும்" என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

செங்கம் ரோட்டுக்கு ஓடினேன். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. இரண்டு கடை தள்ளித் திருட்டு வி.சி.டி. விற்பவன் புதுப்படப் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தான். அவனைப் பற்றி யாரும் மனுக் கொடுக்கவில்லையே. ஷட்டர் படியில் வளர்மதி, மடியில் ஹெட்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா ஆச்சு என்றேன்.

"சார், உள்ள மிஷினே இல்லன்றாங்க. அண்ணாவையும் கூட்டிக்கினு போய்ட்டாங்களாம். பரீட்சைக்கு இன்னும் முப்பத்தாறு நாள்தான் இருக்குது. யாரு சார் அவர மாட்டிவுட்டது?"

தெரியவில்லையே அம்மா என்று சொன்னேன். அவளுக்கு என் முகம் தெரியாது என்பது அந்த நேரத்தில் எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது.

பதினோரு நாள் ரிமாண்டில் இருந்துவிட்டு வெளியே வந்தார். அடுத்த திங்கட்கிழமை வரிசையில் நிற்கிறார். நான் குனிந்து நம்பர் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் முறை வந்தது.

"சார், இத எந்த ஆபீசுக்கு அனுப்பப்போறீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க. வீட்டுக்குப் போய் மாத்துத்துணி எடுத்தாந்துடறேன்."

வரிசையே சிரித்தது. நான் பேனாவைக் கீழே வைத்தேன். "அண்ணா, அனுப்புனது நான்தான்" என்றேன்.

"தெரியும் சார். ஸ்டேஷன்ல காட்னாங்க. எழுத்து முத்து முத்தா இருந்துது." அவ்வளவுதான். அதற்கு மேல் அன்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

பரீட்சை முடியும் வரையாவது கம்ப்யூட்டரைக் கொடுங்கள் என்பதுதான் அந்த மனு. இந்தத் தடவை தபாலில் அனுப்பாமல் நானே தூக்கிக்கொண்டு அலைந்தேன். போலீசில் கோர்ட்டைக் கேள் என்றார்கள். கோர்ட்டில் வழக்கு முடியட்டும் என்றார்கள். பார்வை இல்லாதவர்களுக்கு என்று அன்றைய சட்டத்தில் தனியாக எந்த விலக்கும் இல்லை என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

எனவே மனிதர் தானே படித்துக் காட்ட ஆரம்பித்தார். காலி மேசைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் வளர்மதி. பெரிய அதிகாரி முன்னால் மனு வாசிக்கிற அதே குரல். ரோட்டில் ஆட்டோவே மெதுவாகப் போகும். டைப்பிங் சொல்லிக்கொடுத்த ஆள் அல்லவா, புள்ளிகளையும் விடாமல் படிப்பார். "நேச்சர் கமா மேன் கமா அண்ட் சொசைட்டி ஃபுல் ஸ்டாப் நெக்ஸ்ட் பாரா!"

"அண்ணா, கமாலாம் வேணாங்ணா. மிஷின் கூட சொல்லாது" என்று அவள் கெஞ்சினாள்.

"கமா முக்கியம்மா. மனு எழுதறவனக் கேட்டுப்பாரு."

நானும் சாயங்காலம் அலுவலகம் விட்டதும் போய் உட்கார்வேன். அவர் குரல் கம்மிப்போகும்போது புத்தகத்தை வாங்கி நான் படிப்பேன். மிஷின் ஒரு நாளில் படிப்பதைப் படிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. பரீட்சை வந்தபோது கடைசி மூன்று புத்தகங்களைத் தொடவே இல்லை. நாலு மார்க்கில் போய்விட்டது.

"இதுக்கு ஆட்சேபணை எழுதலியாண்ணா?" என்று கேட்டேன்.

"மார்க்கு சரியாத்தான் போட்டுக்கிறாங்க சார். நாம படிக்காத எடத்துலதான் போச்சு." அவர் சோர்ந்துபோனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அடுத்த தேர்வு வரட்டும் என்று வளர்மதி வீட்டில் போய்ப் பேசி, கல்யாணத்தைத் தள்ளிவைத்ததும் அவர்தான். மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தார். நடுநடுவே வழக்குக்கு வாய்தா. ஒரு வாய்தாவன்று கோர்ட் வராந்தாவில், பெஞ்சில் உட்கார்ந்தவாறே சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி, அங்கேயே உயிர் போய்விட்டது. உள்ளே மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆஜராகவில்லை என்று வாரண்ட் போட இருந்தார்கள். வக்கீல் ஓடிப்போய், ஆள் வந்துதான் இருக்கிறார், வராந்தாவில் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

பல வருஷம் கழித்துப் பார்வையற்றவர்களுக்காகப் புத்தகத்தை மாற்றித் தரலாம் என்று இங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். உலக நாடுகளும் அப்படி ஒரு ஒப்பந்தம் போட்டன. எழுநூறு நட்சத்திரங்கள் போட்ட மனுவால்தான் அது நடந்தது என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்று பேப்பரைத் தூக்கி எறிந்தேன். இவ்வளவு தாமதமாகவா ஒரு நியாயம் வரும்?

அதற்கெல்லாம் முன்பே, அவர் காரியம் முடிந்த வாரம் வளர்மதி வீட்டுக்குப் போனேன். மாட்டிவிட்டது யார் என்று சொன்னேன். "முன்னியே தெரியும் சார், அண்ணா சொன்னாரு. உங்கள ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னும் சொன்னாரு" என்றாள். பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். படித்தேன். இரண்டு பாரா தாண்டவில்லை, நிறுத்தச் சொன்னாள்.

"சார், கமா சொல்லிப் படிங்க. சொல்லாட்டி இப்பல்லாம் மனசுல ஏற மாட்டேங்குது."

அன்று முதல் நானும் சொன்னேன். இரண்டு வருஷம் படித்தோம். அடுத்த தேர்வில் அவள் பாஸ். பணி நியமன உத்தரவு வந்த அன்று, வேங்கிக்காலில் என் மேசைக்கே அதை எடுத்துக்கொண்டு வந்து, "மொதல்ல நீங்க படிங்க சார்" என்றாள். எழுந்து நின்று, அலுவலகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி, அவர் படிப்பது போலவே சத்தமாக, கமா விடாமல் படித்தேன். கடைசி வரியும் முடிந்தது. உத்தரவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"ஃபுல் ஸ்டாப்" என்றாள் வளர்மதி. இரண்டு பேரும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.