இவியேயை நீங்கள்தான் மறுபடி கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும்

பெனின் நகரம்,
வெள்ளிக்கிழமை மாலை.

பெருமதிப்பிற்குரிய அண்ணன் உவாய்ஃபோ அவர்களின் சமூகத்துக்கு, தம்பி இக்பினோசா மண்டியிட்டு வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவி இதோகானும் மகள் இவியேயும் உயிரோடு இருக்கிறோம். அபுஜாவில் தாங்களும் அண்ணியும் இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலியைப் பற்றி விசாரிக்கச் சொன்னாள் இதோகான். விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன், எனக்குப் படபடப்பு தாங்கவில்லை.

தாங்கள் சொல்லித்தானே இவியேயைப் பாரிஸ்டர் ஒசுண்டே அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார்கள்? போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் கறுப்பு அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து நின்றாள். "என்னம்மா செய்யப்போறே?" என்றேன். "கதை எழுதப்போறேன்பா." "யாரைப் பத்தி?" "இன்னும் பிறக்காதவங்களைப் பத்தி." அண்ணா, பிறந்தவர்களே வக்கீலை ஏமாற்றும் ஊர் இது, பிறக்காதவர்களை நம்பி ஒரு பெண் பிழைக்க முடியுமா என்று அன்றைக்குப் பிடித்த கவலை இன்னும் விடவில்லை. முதல் கதையில், வேறொரு கிரகத்தில் ஒரு கொடுங்கோலன் ஆள்கிறான், தண்டனை சொல்வதற்கு முன்னால் மூன்று முறை செருமுகிறான். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எஹிகியே பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். மூன்று முறை செருமினார். "இது நான்தானே?" என்றார். "ஐயோ சார், அந்த ஆளுக்கு நாலு கை!" என்றேன். "கையை விடுப்பா, இருமல் என்னுது" என்றார். வழக்குப் போடுவார், வழக்காட வீட்டில் இருந்த ஒரே வக்கீலும் அங்கியைக் கழற்றிவிட்டாளே என்று நான் வியர்த்து நிற்கும்போதே அவர் குரலைத் தாழ்த்தி, "அடுத்த கதையில எனக்கு இன்னும் கொஞ்சம் பெரிய ராஜ்யமா குடுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதுவதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். கண்டம் முழுவதும் இப்படி எழுதுகிறவர்களின் கதைகளைச் சேர்த்து, திருத்தி, ஒரு தொகுப்பாகக் கொண்டுவரப் போகிறேன் என்று கிளம்பினாள். லுசாகாவிலிருந்தும் டக்காரிலிருந்தும் கதைகள் வந்து குவிந்தன. சாப்பாட்டு மேஜையில் எகுசிக் குழம்பு ஆறிக்கொண்டிருக்கும், இவள் யாரோ ஒருவரிடம் தொலைபேசியில், "உங்க பேய் ரொம்ப நல்லவரா இருக்கார், கொஞ்சம் கோபப்படட்டும்" என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள். வந்த கதைகளில் ஒன்று நம் பாஸ்டர் இமாசுவென் எழுதியது. உலகத்தின் முடிவைப் பற்றி எழுதியிருந்தார். இவள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள்! அனுப்பியதோடு விடாமல், 'முடிவு அவசரமாக வந்துவிட்டது' என்று மரியாதையாகக் குறிப்பும் வைத்திருக்கிறாள். பாஸ்டர் என்னைத் தேவாலய வாசலில் நிறுத்தினார். "சகோதரர் இக்பினோசா, உலக முடிவை நான் தீர்மானிக்கலை, மேலே இருக்கிறவர் தீர்மானிச்சிருக்கார். அது அவசரம்னு சொல்ல உங்க பொண்ணு யாரு?" "பேசிப் பார்க்கிறேன் பாஸ்டர்" என்றேன், யாரிடம் பேசுவதாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஞாயிறு பிரசங்கம் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போயிற்று. முடிவு அவசரமாக வரவில்லை.

பிறகு அந்தத் தொகுப்பை வெளிநாட்டில் ஒரு பெரிய விருதுக்கான இறுதிப் பட்டியலில் சேர்த்தார்கள், விழாவுக்கு வரச் சொன்னார்கள். இதோகான் அவளுக்குப் பவளமாலை எடுத்து வைத்தாள். நான் குளிர்ச்சட்டை எடுத்து வைத்தேன். விசா கொடுக்கவில்லை அண்ணா. திரும்பி வருவாள் என்பதற்கு ஆதாரம் போதாதாம். அன்றைக்கு அவள் சமையலறைக்குப் போய் உரலில் கிழங்கை இடித்தாள். நான்கு வீட்டுக்குப் போதுமான கிழங்கு. நான் வாசற்படியில் நின்றேன். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "என் கதையில செத்தவங்ககூட எல்லை தாண்டிப் போயிட்டு வர்றாங்கப்பா. என்னாலதான் முடியலை." மீதிக் கிழங்கை நானே இடித்தேன்.

வீட்டிலிருந்தே கணினி வழியாகக் கலந்துகொள்ளலாம் என்றார்கள். விழா நாளன்று மாலை தெருவே நம் கூடத்தில். எஹிகியே சார் முன்வரிசையில். அறிவிக்கும் நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. நம் ஜெனரேட்டரைப் பற்றித் தங்களுக்குத் தெரியும், கெட்ட வார்த்தைக்குத்தான் அது கிளம்பும். இழுத்தேன், கிளம்பியது, நின்றது. அப்போது யாரோ கேட்டைத் தட்டினார்கள். திறந்தால் பாஸ்டர் இமாசுவென், தேவாலய ஜெனரேட்டரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். "நான் உங்க மகளுக்காக வரலை. மறுபடி ஒரு கதை அனுப்பியிருக்கேன், அவ படிக்கணும்னா வெளிச்சம் வேணுமில்ல?" என்றார். அதை இறக்கி மாட்டும் வரை முற்றத்தில் நம்முடையதன் கயிற்றை நான் இழுத்து இழுத்துக் கிளப்பிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் விருது அவளுக்குத்தான் என்று அறிவித்துவிட்டார்களாம், பேசச் சொல்லிவிட்டார்களாம். அவள் முதுகுக்குப் பின்னால் கூடத்துக் கதவு திறந்தே கிடந்தது. இவியே பேசுகிறாள்: "இந்தப் புத்தகத்துல எழுதினவங்க வீட்டுல எல்லாம், இதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்கிற ஒருத்தர் இருக்கார். எங்க வீட்டுல கேட்கிறவர், இதோ பின்னால, நான் பேசறது நின்னுடக் கூடாதுன்னு கயிறை இழுத்துட்டு இருக்கார்." நான் திரும்பிப் பார்க்கிறேன், அண்ணா. உலகம் என்னைப் பார்க்கிறது. பனியனில் இருந்தேன். தங்களுக்குத் தெரிந்த அந்த ஓட்டைப் பனியனில்.

அங்கே எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம். அது அவளுக்கா, பனியனுக்கா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினேன், புகை கண்ணில் பட்டிருந்தது.

இப்போது நிலைமை இன்னும் மோசம். முடிவெட்டுகிறவர் பாதி முடியில் நிறுத்திவிட்டுத் தன் கதையைச் சொல்கிறார். டயர் கடைக்காரர் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருக்கிறார். விருதை வைத்து அலமாரியைத்தான் நிரப்பலாம். அவளுக்கு வயது போகிறது, இந்த வேலைக்கு ஓய்வூதியம் கிடையாது, எனக்குப் பிறகு அவளுக்கு யார் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, பெரியப்பா என்ற உரிமையில் கண்டிப்பாகப் பேசி, அவளை மறுபடி அங்கி போட வைக்க வேண்டும். என் பேச்சு எடுபடாது. தங்கள் குரலில் எப்போதும் ஒரு தீர்ப்பு இருக்கும்.

அண்ணிக்கு எங்கள் இருவரின் வணக்கம். நம் தந்தையார் மேலிருந்து தங்கள் முழங்காலையும் என் மனத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கள் சொல்லுக்கு அடங்கிய தம்பி,
இக்பினோசா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பாரிஸ்டர் ஒசுண்டே தாமே காரில் வந்து இறங்கினார். விருதுச் செய்தியைப் பார்த்தாராம், திங்கட்கிழமையே இவியேயைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளத் தயாராம், முன்னைவிடப் பெரிய அறையாம். அவள் வீட்டில் இல்லை. நான் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "மன்னிக்கணும் பாரிஸ்டர், என் பொண்ணுக்கு ஏற்கெனவே வேலை இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்போதும் பனியனில்தான் இருந்தேன். தாங்கள் வர வேண்டாம். இரண்டு பக்கமும் எழுதிவிட்டேன், வேறு தாள் இல்லை. மேலே உள்ளதைப் படிக்காமல் இதை மட்டும் படிக்கவும். அவளிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள்.