மச்சினிச்சி இல்லாத இயந்திரம்

சுகந்தனுக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய கணினிக்கு நாற்பத்தொன்று. இருவரில் கணினிக்குத்தான் பேச்சு குறைவு.

பழுது பார்ப்பவர்களில் பல இனங்கள் உண்டு. தெரிந்து பார்ப்பவர், தெரியாமல் பார்ப்பவர், பார்க்காமலே ஸ்குரூ டிரைவரை எடுப்பவர். இவர்களை எல்லாம் மன்னித்துவிடலாம். நான் சொல்லவந்த இனம் வேறு: தான் கடைசியாகக் கைவைத்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லா இடத்திலும் பழுதைத் தேடுபவர். குழாய்க்குப் புது வாசர் போட்டுவிட்டு, தண்ணீர் ஒழுகினால் மழையைத் திட்டுவார். குழம்பில் இரண்டாம் தரம் உப்பைப் போட்டுவிட்டு, கடைக்காரன் உப்பை மாற்றிவிட்டான் என்பார். ஹட்டனில் கணிதம் படிப்பிக்கும் டியூசன் ஆசிரியர் சுகந்தன் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி.

தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்தி, கசெட்டில் இருந்து நிரல் ஏற்றும் அந்தக் காலத்துக் கணினி அது. தேயிலைத் தோட்டத்துப் பங்களாவைக் காலி பண்ணியபோது சுகந்தன் கேட்டு வாங்கி வந்தார். பதினாறு கிலோபைட் நினைவகம். இன்றைக்குக் கைத்தொலைபேசியில் வரும் ஒரு 'குட் மோர்னிங்' ரோஜாப்பூவுக்கே அது போதாது. ஆனால் சீட்டிழுப்புக்குப் போதும். தாராளமாகப் போதும்.

சீட்டிழுப்புத்தான் விசயம். மாதா கோவில் திருவிழாவில் வருடாவருடம் டிக்கெட் விற்று, ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் அடிக்கட்டைகளைப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். குலுக்குபவர் விழாக்குழுச் செயலாளர் செபஸ்தியாம்பிள்ளை. போன வருடம் முதல் பரிசு அவருடைய மச்சினிச்சிக்கு. அதற்கு முந்தின வருடமும் அதே மச்சினிச்சிக்கு. வாளி நேர்மையானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதை நம்ப ஊரில் ஆள் இல்லை. "இந்த முறையும் வாளின்னா எங்களுக்கு டிக்கெட்டே வேணாம்" என்று மஸ்கெலியா பக்கத்துச் சனம் கையை விரித்துவிட்டது. டிக்கெட் போகாவிட்டால் கோவில் கூரை இந்த வருடமும் ஒழுகும்.

அப்போதுதான் பங்குக் கூட்டத்தில் சுகந்தன் எழுந்தார்.

"ஃபாதர், நம்மகிட்ட கம்பியூட்டர் இருக்கு. அது நம்பர் எடுக்கட்டும். மெசினுக்கு மச்சினிச்சி கெடையாதுங்க."

கைதட்டல். டிக்கெட்டுகள் பறந்தன. பாதியை விற்றது சுகந்தனின் மனைவி ஜெனிதா. நகரத்து மருந்துக் கடையில் மருந்தாளராக இருப்பவர். இருமல் மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் "எங்க வீட்டுக்காரர் மெசின்தான் எடுக்கப் போவுது" என்று வாக்குக் கொடுத்து விற்றார். நிரலும் தயார். பத்துத் தரம் ஓட்டினாலும் பத்துத் தரமும் ஒழுங்காக இலக்கம் வந்தது.

ஒழுங்காக ஓடும் ஒரு பொருளை இந்த இனத்தவர் எத்தனை நாளைக்குத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்?

வெளிநாட்டில் இருந்து தபாலில் ஒரு நினைவகப் பலகையை வரவழைத்து, மூடியைத் திறந்து, உள்ளே சும்மா இருந்த செருகுவாயில் அதை அழுத்தி, பதினாறை அறுபத்துநான்கு ஆக்கினார். எதற்கு? எதற்கென்று கேட்பவர்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அன்று மாலையே கணினி குழம்பியது. சில நேரம் நன்றாக ஓடியது, சில நேரம் நடுவழியில் உறைந்தது, சில நேரம் இலக்கம் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளையும் கறுப்புக் கட்டங்களையும் கொட்டியது. ஒரேயடியாகச் செத்துத் தொலைத்திருந்தால் நிம்மதி. அது அவ்வப்போது உயிர்த்து எழுந்தது.

"கரண்டுல கோளாறு" என்றார் சுகந்தன். வோல்டேஜைச் சீராக்கும் பெட்டி வந்தது. கோளாறு போகவில்லை. கசெட் தேய்ந்துவிட்டது, புதுக் கசெட். டிவி வயர் சரியில்லை, புது வயர். மேல்வீட்டுக்காரர் ஹீட்டர் போடும் நேரம் பார்த்துத்தான் உறைகிறது என்று அவர்கள் குளிக்கும் நேரத்தைக் கவனிக்கத் தொடங்கி, அந்த வீட்டம்மாவிடம் ஒரு முறைப்பும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"என்னங்க," என்றார் ஜெனிதா, "புதுசா போட்ட பலகைய ஒருக்கா கழட்டிட்டுப் பாருங்களேன்."

"அது புதுசும்மா! புதுசு எப்புடி கெட்டுப்போகும்?"

"புது மாத்திர குடிச்ச அன்னிக்கே ஒடம்பு அரிச்சா, நாங்க எத நிறுத்தச் சொல்லுவோம்? பழைய மாத்திரயவா?"

"ஜெனி, இது ஒடம்பு இல்ல. எலக்ரோனிக்ஸ்."

இதே மனிதர்தான் வகுப்பில், கணக்குப் பிழைத்த பிள்ளையிடம், "கடைசியா எழுதின வரிய மொதல்ல பாரு" என்று மேசையைத் தட்டிச் சொல்பவர். வகுப்பு வேறு, வீடு வேறு.

கடைசியில் குற்றவாளி கிடைத்துவிட்டது: பனிமூட்டம். ஹட்டன் ஈரம் செருகுவாய்க்குள் புகுந்துவிட்டது. சரி, இந்த மலையில் ஈரமில்லாத இடம் எது? வேறு ஊர்க்காரர் யாருக்கும் தோன்றாத யோசனை ஒன்று அவருக்குத் தோன்றியது. கணினியைத் துணியில் சுற்றி, திறந்த மூடியோடு ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, எடுத்துப் போனார். கொழுந்து காய்ந்து வரும் சூட்டு அறையில் ஓர் இரவு வைத்தால் ஈரம் ஓடிப்போகும் அல்லவா?

அங்கே டீமேக்கர் செல்லசாமி தலையைச் சொறிந்தார்.

"சேர், இதுக்குள்ள இலதான் காயும். இது காயுமா?"

"சூடு எல்லாத்துக்கும் ஒண்ணுதான் செல்லசாமி."

"சூடு ஒண்ணுதாங் சேர். தூசி?"

தூசியைப் பற்றிச் சுகந்தன் கேட்கவில்லை. மறுநாள் கணினி காய்ந்துதான் வந்தது. செருகுவாய் நிறையத் தேயிலைத் தூசும் பஞ்சுமாக வந்தது. முன்பு மூன்று தரத்துக்கு ஒரு தரம் உறைந்தது, இப்போது இரண்டுக்கு ஒன்று.

"மெமரி இப்ப பீஓபீ தேயில வாசம் அடிக்குது" என்றார் ஜெனிதா. "தண்ணி ஊத்துனா குடிக்கலாம்."

"பனி ஆழமா எறங்கியிருக்கு" என்றார் சுகந்தன்.

திருவிழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை, செபஸ்தியாம்பிள்ளை வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் கழுவிக் கவிழ்த்த வாளி.

"சும்மா ஒரு பாதுகாப்புக்கு தம்பி," என்றார் சிரிக்காமல். "மெசினு முழிச்சா, நம்ம வாளி இருக்கு."

வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஜெனிதா அதைப் பார்த்தார். மருந்துக் கடைக் கவுண்டரில் தான் வாக்குக் கொடுத்த முகங்கள் எல்லாம் அந்த வாளிக்குள் இருந்து அவரைப் பார்த்தன.

ஞாயிறு காலை சுகந்தன் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஜெனிதா மூடியைத் தூக்கினார். தினமும் திறப்பதால் அதற்கு இப்போது ஆணிகளே இல்லை. பலகையைப் பிடுங்கி, முகம் துடைக்கும் லேஞ்சியில் சுற்றி, கைப்பைக்குள் ஜெபமாலைக்குப் பக்கத்தில் போட்டார்.

மாலை கோவில் முற்றம் நிறைந்தது. மஸ்கெலியா சனம் முன்வரிசை. சுகந்தன் மைக்கைப் பிடித்து, நினைவகம் என்றால் என்ன, அது கூடினால் மனிதகுலம் எப்படி முன்னேறும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது ஜெனிதா கணினியின் ஆளியைப் போட்டார். அந்தக் கணினிக்கு, தன்னிடம் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்பதைத் தொடங்கும்போதே திரையில் எழுதிக்காட்டும் பழக்கம் உண்டு. எழுதிக்காட்டியது. பதினாறு. சுகந்தன் கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்று பரிசுக்கும் இலக்கங்கள் சுத்தமாக வந்தன. முதல் பரிசான வாசிங் மெசின், விழாக்குழுவில் ஒருவருக்கும் உறவில்லாத, முன்வரிசைப் பாட்டி ஒருத்திக்கு. யாரும் சண்டை பிடிக்கவில்லை. செபஸ்தியாம்பிள்ளை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா?" என்றார் சுகந்தன் மைக்கில். "அறுபத்துநாலு கிலோபைட்! பதினாறோட வந்திருந்தா இந்நேரம் நாறியிருக்கும். ஸ்டோர்ல காய வச்சதுதான் மருந்து."

பலத்த கைதட்டல். செல்லசாமி மட்டும் வானத்தைப் பார்த்தார். ஜெனிதா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? வாக்குக் காப்பாற்றப்பட்டது, கூரைக்குத் தகரம் வரும். அதற்கு மேல் ஒரு மனிதரைத் திருத்துவது மருந்தாளர் வேலை இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் கடைசியாக எது கெட்டுப்போனது? யாரைத் திட்டினீர்கள்? அதற்கு முந்தின நாள் அதைத் தொட்டது யார்? அவசரமில்லை, வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டே பதில் சொல்லுங்கள். அவர்களுடைய கைப்பையையும் ஒருமுறை பாருங்கள்.

கோவில் ஒலிபெருக்கி அன்று ஒரு கரகரப்பும் இல்லாமல் வேலை செய்தது. அதை இன்னும் மேம்படுத்தலாம் என்று சுகந்தன் சொன்னார், ஃபாதர் சம்மதித்துவிட்டார். வருகிற சனிக்கிழமை காலை அதைக் கழற்றுகிறார்கள்.