மேல் வீட்டுக் கரப்பான்கள்

புதுக் கோட்டின் காலரிலிருந்து கரப்பான்பூச்சி ஒன்று எட்டிப் பார்த்தபோது, அதைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தையற்காரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றே மருந்து வாங்கி வந்து குளியலறைக் குழாய் இடுக்கில் அடித்தாள். மேலேயிருந்து பத்துப் பதினைந்து பொலபொலவென்று அவள் தலையில் உதிர்ந்தன. இடுக்கைச் சிமெண்ட் வைத்து அடைத்தாள். மறுநாள் சுவிட்ச் பெட்டியிலிருந்து வரிசையாக இறங்கின. அதை டேப் ஒட்டி மூடினாள். பிறகு நூல்கண்டுப் பெட்டியைத் திறந்தால், உள்ளே அத்தனை மீசைகளும் ஒருசேர அவள் பக்கம் திரும்பின. அன்றிலிருந்து ஊசியில் நூல் கோக்கும்போதும் யாரோ பின்னால் நிற்பதுபோல் முதுகு கூசியது.

குடியிருப்பின் காவலாளியிடம் போனாள்.

"அண்ணே, எல்லாம் மேல் வீட்டுலேருந்துதான் வருது. சாவி உங்ககிட்டதானே இருக்கு? கொஞ்சம் திறந்து விடுங்க."

"ரெண்டு வருஷமா ஆளே இல்லாத வீடும்மா. வெறும் தூசி. திறந்து என்ன ஆகப்போகுது?" என்று அவர் நழுவினார்.

வேறு வழியில்லாமல் பூச்சி மருந்துக்காரரை வரவழைத்தாள். அவர் ஒன்றைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சின்ன உடம்பு, வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னால ரெண்டு கறுப்புக் கோடு. இது சாக்கடையில வர்றது இல்லம்மா, அடுப்பங்கரை வகை. றெக்கை இருக்கும், பறக்காது. முட்டைப்பையை வால் பக்கமே சுமந்துக்கிட்டுத் திரியும். பகல்லயே வெளிய வருதுன்னா உள்ள இடம் பத்தலைன்னு அர்த்தம்."

"காலி வீட்டுல இவ்வளவு பெருகுமா?"

"அதான் எனக்கும் இடிக்குது. இது மனுஷனை ஒட்டிப் பிழைக்கிற பூச்சி. அடுப்புச் சூடு, சிந்தின சாப்பாடு, ஈரம் எல்லாம் வேணும்." அவர் கூரையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மேல யாரோ தினமும் சமைச்சுச் சாப்பிடறாங்க."

பேச்சுச் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற காவலாளியை இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"மத்தியானம் கொஞ்சம் கண்ணசர மட்டும்தாம்மா நான் அங்க போறேன். சமைக்கிறது நான் இல்ல."