தத்துவத் துறைக்குக் கேடயம்

அறிவை அளந்து பார்த்த பல்கலைக்கழகங்கள் உலகத்தில் எத்தனையோ இருக்கலாம். மாணவரைத் தொந்தரவே செய்யாமல் அளந்த பெருமை, திருச்சிக்கு வெளியே இருக்கும் இந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே உண்டு.

"கற்றல் அடைவு மதிப்பீடு" என்ற அந்த மாபெரும் திருப்பணியின் ஒருங்கிணைப்பாளர் பிராங்க்ளின். துறைக்கு ஓர் அறிக்கை. போன வருஷ அறிக்கையை எடுப்பார்கள், வருஷத்தை மாற்றுவார்கள், விழுக்காட்டைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். வடை, டீயோடு மதிப்பீடு இனிதே நிறைவுபெறும்.

இந்தப் புனிதத்தைக் கெடுத்தவள் வரலாற்றுத் துறையின் கௌரவ விரிவுரையாளர் அறிவுமதி. உறையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள், வேலைக்குப் புதுசு. ஜூன் மாதம் அவளுக்குப் பணி நீட்டிப்பு வர வேண்டும். அந்த நேரம் பார்த்து அவள் ஒரு காரியம் செய்தாள். மாணவர்களை உட்காரவைத்து, "கல்லணையை எதுக்குக் கட்டினாங்க? உங்க சொந்த வார்த்தையில எழுதுங்க" என்று கேட்டுவிட்டாள்.

பாதிப் பேர், "அஞ்சு மார்க்கா, பத்து மார்க்கா மேடம்?" என்றார்கள். மீதிப் பேர் சொந்த வார்த்தை நோட்ஸில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடினார்கள். அறிக்கையில் முப்பத்தொரு விழுக்காடு என்று எழுதினாள்.

பிராங்க்ளின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா இது? எல்லாத் துறையும் தொண்ணூறுக்கு மேல நிக்குது!"

"பசங்களுக்கு அவ்வளவுதான் சார் தெரியுது. அடுத்த செமஸ்டர்ல முதல்லேருந்து நடத்திடறேன்."

"கற்றலை அளக்கச் சொன்னா, பசங்ககிட்டயா போய்க் கேப்பீங்க?"

"வேற யார்கிட்ட சார் கேக்கறது?"

பிராங்க்ளினுக்கு அவள்மேல் பரிதாபமே வந்துவிட்டது. "நாளைக்கு மதிப்பீட்டுக் குழு வருது. அவங்க ஒரு வார்த்தை சொன்னா உங்க வேலை இருக்காதும்மா" என்றார். ஆனாலும் முப்பத்தொன்றை மாற்ற அறிவுமதிக்கு மனசு வரவில்லை.

மறுநாள் குழுத் தலைவர் மாதவன் வந்தார். ஸ்ரீரங்கத்தில் சந்நிதி சாத்துவதற்குள் பெருமாளைச் சேவித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அறிக்கைகளைப் புரட்டியவர், தத்துவத் துறையில் நின்றார்.

"தொண்ணூற்றெட்டு! அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கோ, ஒரு வார்த்தை பாராட்டிட்டுப் போறேன்."

"பிள்ளைங்க இல்லைங்க ஐயா. ரெண்டு வருஷமா அந்தத் துறையில யாரும் சேரலை" என்றார் பிராங்க்ளின்.

மாட்டிக்கொண்டார்கள் என்று, ஓரமாக நின்றிருந்த அறிவுமதிக்கு உள்ளுக்குள் சந்தோஷம் துள்ளியது.

மாதவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அப்போ இந்த எண்ணைக் குறைக்க ஆளே இல்லேங்கறேள்."

"ஆமாங்க ஐயா."

"பிரமாதம்! மத்த துறைகளும் இதைப் பின்பற்றணும்னு எழுதிக்கோங்கோ." கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எழுந்தார்.

சிறந்த துறைக்கான கேடயம் தத்துவத் துறைக்குக் கிடைத்தது. அறிவுமதிக்கும் ஓர் அநியாயமும் நடக்கவில்லை. பணி நீட்டிப்பு உத்தரவு வந்தது, தத்துவத் துறைக்கு மாற்றி.

"அங்க யாருக்கு சார் பாடம் நடத்தறது?"

"யாருக்கும் வேணாம்மா" என்றார் பிராங்க்ளின் பரிவோடு. "அங்க நீங்க என்ன கேட்டாலும், பதில் எழுதி நம்ம மானத்தை வாங்க ஆள் கிடையாது."

வரலாற்றுத் துறைக்கு அவளுக்குப் பதிலாக இன்றுவரை யாரும் வரவில்லை. கல்லணையை எதற்குக் கட்டினார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவும் இல்லை. இந்த ஆண்டு அவர்களுடைய கற்றல் அடைவு தொண்ணூற்றேழு விழுக்காடு.